ஆறாவது ஆட்டம் நடக்கவில்லை

ஸ்டான்லி கோப்பை என்று ஒன்று இருக்கிறது. ஐஸ் ஹாக்கிக்காரர்களுக்கு அதுதான் எல்லாம். ஜெயித்த அணியின் பெயரைக் கோப்பையின் மேலேயே செதுக்குவார்கள். வருஷம், அணி, ஆட்டக்காரர்கள் என்று வளையம் வளையமாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். 1919-ஆம் வருஷத்துக்கு மட்டும் அதில் இரண்டு அணிகளின் பெயர் இருக்கிறது. மான்ட்ரியால் கனேடியன்ஸ், சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸ். கூடவே 'தொடர் முடிக்கப்படவில்லை' என்று ஒரு வரி.

காமர்ஸ் படிக்கிற ஆசாமிகளுக்கு இதைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வரும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோமே, அது. என்றைக்காவது தப்பைக் கண்டுபிடித்து அந்தக் கணக்கை மூடிவிடலாம் என்பது நம்பிக்கை. இந்த 1919 கணக்கு நூறு வருஷம் தாண்டியும் மூடப்படவில்லை. இனிமேலும் மூட முடியாது.

கதைக்குப் போகும் முன் கொஞ்சம் முன்கதை. அது இல்லாமல் இந்தத் தொடர் ஏன் அப்படி ஒரு விநோதமான ஏற்பாடாக இருந்தது என்பது விளங்காது.

கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892-ல் இந்தக் கோப்பையைக் கொடுத்தார். அப்போது அது அமெச்சூர்களுக்கான பரிசு. காசு வாங்கிக்கொண்டு ஆடுவது கேவலம் என்று நினைத்த காலம். ஒண்டாரியோவில் ஒருத்தர் காசு வாங்கினார் என்று தெரிந்தால் சங்கத்தை விட்டே தள்ளி வைத்துவிடுவார்கள். ஆனால் எங்கே கூட்டம் டிக்கெட் வாங்குகிறதோ அங்கே சம்பளமும் வந்துதானே ஆகும்? 1904-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தாமிரச் சுரங்கக் காசு புழங்கிய ஹவுட்டன் என்ற ஊரை மையமாக வைத்து, வெளிப்படையாகவே சம்பளம் கொடுக்கும் முதல் லீக் தொடங்கியது. கனடாவின் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் அங்கே போக ஆரம்பித்ததும்தான் கனடாக்காரர்களுக்குக் கண் திறந்தது. லீக் மூன்று சீசன்தான் ஓடியது. ஆனால் அதற்குள் கதவு திறந்துவிட்டது. அங்கே போய் ஆடியவர்களில் ஒருவர் ஜோ ஹால். இந்தப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த திருப்பம் 1911-ல், நாட்டின் மேற்கு ஓரத்தில். லெஸ்டர் பாட்ரிக், ஃப்ராங்க் பாட்ரிக் என்று இரண்டு சகோதரர்கள். இரண்டு பேருமே நல்ல ஆட்டக்காரர்கள். அப்பா ஜோ பாட்ரிக்குக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவில் மர வியாபாரம். அப்பா வியாபாரத்தை விற்றார், பிள்ளைகள் அந்தப் பணத்தில் ஹாக்கி லீக் தொடங்கினார்கள். (வீட்டில் போய் இப்படி ஒரு பிசினஸ் பிளான் சொல்லிப் பாருங்கள், என்ன கிடைக்கும் என்று தெரியும் :-)) பசிபிக் கடற்கரையில் குளிர் போதாது, ஏரி உறைந்து பனித்தளம் தானாகக் கிடைக்காது. அதனால் வான்கூவரிலும் விக்டோரியாவிலும் இயந்திரம் வைத்துப் பனி உறைய வைக்கும் அரங்குகளைக் கட்டினார்கள். கனடாவில் செயற்கைப் பனி அரங்குகள் வந்தது அப்படித்தான்.

அரங்கம் இருக்கிறது, ஆட்டக்காரர்கள்? கிழக்கில் இருப்பவர்களுக்கு அதிகச் சம்பளம் காட்டி இழுத்தார்கள். இதில் உச்சம் 1915. சியாட்டில் நகரத்துக்குப் புது அணி தொடங்கியபோது, முந்தின வருஷம் கோப்பை ஜெயித்திருந்த டொராண்டோ அணியிலிருந்து ஃப்ராங்க் ஃபாய்ஸ்டன், ஜாக் வாக்கர், கல்லி வில்சன், கோல் கீப்பர் ஹாப் ஹோம்ஸ் என்று முக்கியமான தலைகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஐ.பி.எல். ஏலம் எல்லாம் இதற்கு முன்னால் ரொம்ப நாகரிகமான சமாச்சாரம். அந்த அணி இரண்டே வருஷத்தில், 1917-ல், மான்ட்ரியால் கனேடியன்ஸைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. ஸ்டான்லி கோப்பை வென்ற முதல் அமெரிக்க நகரம் நியூயார்க்கும் இல்லை, பாஸ்டனும் இல்லை, சியாட்டில்தான். நான்கு ஆட்டத் தொடரில் பெர்னி மாரிஸ் என்பவர் மட்டும் 14 கோல் போட்டார்.

இப்படிக் கிழக்கில் ஒரு லீக், மேற்கில் ஒரு லீக், இரண்டின் சாம்பியன்களும் வருஷக் கடைசியில் மோதுவது என்று ஏற்பாடு. ஒரு வருஷம் கிழக்கில், அடுத்த வருஷம் மேற்கில். சிக்கல் என்னவென்றால் இரண்டு லீக்குகளும் ஒரே விளையாட்டை ஒரே மாதிரி ஆடவில்லை. கிழக்கில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். மேற்கில் ஏழு பேர். அந்த ஏழாவது ஆளுக்கு 'ரோவர்' என்று பெயர், தனக்கென்று இடம் இல்லாமல் தளம் முழுக்கச் சுற்றுகிறவர். யாருடைய விதிப்படி ஆடுவது? ஒரு ஆட்டம் உன் விதி, ஒரு ஆட்டம் என் விதி என்று மாற்றி மாற்றி ஆடுவது என முடிவு செய்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு அணிக்குப் பழக்கமான விளையாட்டு, இன்னொரு அணிக்கு அரைகுறையாகத் தெரிந்த விளையாட்டு என்றாகிவிடும்.

1919-க்கு வருவோம்.

முதல் உலகப் போர் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கிழக்கில் தேசிய ஹாக்கி லீக் 1917 நவம்பரில் ஆரம்பித்திருந்தது. இன்றைக்குக் கோடிக்கணக்கில் புரளும் அதே என்.எச்.எல்.தான். அப்போது அதில் மொத்தமே மூன்று அணிகள். அதிலும் டொராண்டோ பாதி சீசனில் கடையைக் கட்டிவிட்டது. மிச்சம் இரண்டு. அந்த இரண்டும் தங்களுக்குள் ஆடி, ஒட்டாவாவைத் தோற்கடித்த மான்ட்ரியால், மேற்கே ரயில் ஏறியது. கண்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு, 4,000 கிலோமீட்டருக்கும் மேல், நாள் கணக்கில் பயணம். ரயில் பெட்டிகளில், ஸ்டேஷன்களில், போர் முடிந்து வீடு திரும்பும் சிப்பாய்களின் கூட்டம்.

அந்தக் கூட்டத்தோடு கூடவே ஸ்பானிஷ் ஃப்ளூவும் பயணம் செய்துகொண்டிருந்தது. 1918-ல் தொடங்கிய அந்தக் காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் கொன்றது. சியாட்டிலில் 1918 அக்டோபரில் மேயர் ஓல் ஹான்சன் தியேட்டர், பள்ளிக்கூடம், சர்ச் எல்லாவற்றையும் மூடச் சொன்னார். முகக்கவசம் கட்டாயமானது. நவம்பரில் போர் ஓய்ந்த அதே நாட்களில் தடைகளை எடுத்துவிட்டார்கள். ஜனங்கள் தெருவில் கொண்டாடினார்கள். பிப்ரவரியில் நகரமே ஸ்தம்பித்த ஒரு பொது வேலைநிறுத்தம். அதுவும் முடிந்தது. மார்ச் மாதம் எல்லாருக்கும் தேவைப்பட்டது கொஞ்சம் பொழுதுபோக்கு. ஃப்ளூவைப் பற்றி யாரும் பேச விரும்பவில்லை. 2021-ன் ஆரம்ப மாதங்களில் இங்கே எப்படி இருந்தோம் என்று யோசித்தால் இந்த மனநிலை புரியும்.

சியாட்டில் அணியில் ஒரு பெரிய ஓட்டை. 14 கோல் மாரிஸ் இல்லை. கட்டாய ராணுவச் சேவையைத் தட்டிக்கழித்தார் என்று அமெரிக்க ராணுவம் அவரைக் கைது செய்திருந்தது. ராணுவ நீதிமன்றம் இரண்டு வருஷத் தண்டனை கொடுத்து அல்காட்ராஸ் தீவுச் சிறைக்கு அனுப்பியது. ஆம், சினிமாவில் எல்லாம் வருமே, அதே அல்காட்ராஸ். போர் முடிந்த பிறகு, போருக்கு வரவில்லை என்று ஒரு தண்டனை!

முதல் ஆட்டம் மார்ச் 19. மேற்கத்திய விதி. சியாட்டில் 7, மான்ட்ரியால் 0. ஃபாய்ஸ்டன் மூன்று கோல். மாரிஸ் இல்லாவிட்டால் என்ன என்று சியாட்டில்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது ஆட்டம் மார்ச் 22. கிழக்கத்திய விதி. மான்ட்ரியால் 4, சியாட்டில் 2. நான்கு கோலையும் போட்டது ஒரே ஆள், நியூஸி லலோண்ட். சின்ன வயதில் செய்தித்தாள் ஆபீசில் வேலை பார்த்ததால் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். அணியின் கோச்சும் அவரே.

மூன்றாவது மார்ச் 24. மறுபடி மேற்கத்திய விதி. சியாட்டில் 7, மான்ட்ரியால் 2. ஃபாய்ஸ்டனுக்கு இந்த முறை நான்கு கோல்.

பார்த்தீர்களா? யார் நல்ல அணி என்பதைவிட, அன்றைக்கு யாருடைய விதி என்பதுதான் ஆட்டத்தைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது. இந்த விஷயம் பின்னால் ரொம்ப முக்கியமாகப் போகிறது.

நான்காவது ஆட்டம், மார்ச் 26. இந்த ஒரு ஆட்டத்தைப் பற்றி மட்டும் தனியாக எழுதலாம். கிழக்கத்திய விதி. சியாட்டில் ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு. 60 நிமிஷம் முடிந்தது. 0-0. ஓவர்டைம் 20 நிமிஷம். அப்போதும் 0-0. ஒரு பக்கம் ஹாப் ஹோம்ஸ், மறு பக்கம் ஜார்ஜ் வெசினா. இன்றைக்கும் என்.எச்.எல்.லின் சிறந்த கோல் கீப்பருக்குக் கொடுக்கும் விருதுக்கு வெசினாவின் பெயர்தான். முதல் பகுதி முடியும் நேரத்தில் கல்லி வில்சன் ஒரு கோல் போட்டார். பந்து, மன்னிக்கவும், ரப்பர் வில்லை, உள்ளே போவதற்குள் விசில் ஊதியாகிவிட்டது என்று சொல்லி நடுவர் அதைத் தள்ளிவிட்டார். ஒரே ஒரு நொடி. அந்த நொடி கொஞ்சம் தள்ளி வந்திருந்தால் கோப்பை அன்றைக்கே சியாட்டிலில் தங்கியிருக்கும். ஆட்டம் முடிந்தபோது ஆட்டக்காரர்கள் பனியிலேயே சரிந்து விழுந்தார்களாம். அரங்கம் முழுக்க எழுந்து நின்று இரண்டு அணிக்குமே கைதட்டியது.

அடுத்த நாளே சண்டை ஆரம்பம். அடுத்த ஆட்டம் யாருடைய விதி? வரிசைப்படி எங்கள் விதி என்றது மேற்கு. டிரா ஆன ஆட்டம் கணக்கிலேயே வராது, அதைத் திரும்ப ஆட வேண்டும், அதனால் எங்கள் விதி என்றது கிழக்கு. கடைசியில் கிழக்கின் வாதம் ஜெயித்தது. இனிமேல் டிரா என்றால் முடிவு தெரியும்வரை ஆட வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள்.

சியாட்டிலுக்கு இது அநியாயம் என்றே தோன்றுகிறது. தொடரின் ஐந்து ஆட்டங்களில் மூன்று எதிராளியின் விதியில்! சொந்த ஊரில், சொந்த ரசிகர்கள் முன்னால். ஆனாலும் ஒத்துக்கொண்டு ஆடினார்கள்.

மார்ச் கடைசியில் நடந்த அந்த ஐந்தாவது ஆட்டத்தில் இரண்டு பகுதி முடிந்தபோது சியாட்டில் 3-0 முன்னிலை. இன்னும் 20 நிமிஷம் தாக்குப்பிடித்தால் கோப்பை. ஆனால் அப்போது அணியில் மாற்று ஆட்கள் என்று இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய இரண்டு மூன்று பேர்தான். நான்காவது ஆட்டத்தின் களைப்பு இன்னும் கால்களில் இருந்தது. மூன்றாவது பகுதியில் மான்ட்ரியால் மூன்று கோல் போட்டுச் சமன் செய்தது. மறுபடி ஓவர்டைம். கல்லி வில்சன் களைத்துப்போய்த் தளத்தை விட்டு வெளியேற, அப்போதுதான் புதிதாக உள்ளே வந்திருந்த மான்ட்ரியாலின் ஜாக் மெக்டொனால்ட் தனியாகப் புகுந்து அடித்தார். 4-3. தொடர் இப்போது இரண்டுக்கு இரண்டு, ஒரு டிரா. ஆறாவது ஆட்டம் தீர்மானிக்கும். தேதி ஏப்ரல் 1.

அந்த ஐந்தாவது ஆட்டத்தில் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒன்று நடந்தது. மான்ட்ரியாலின் ஜோ ஹால் உடம்புக்கு முடியாமல் பாதியிலேயே வெளியேறினார்.

ஜோ ஹால் பாதியில் வெளியேறுகிறவர் இல்லை. இங்கிலாந்தில் பிறந்து, கனடாவின் பிரண்டன் நகரில் வளர்ந்தவர். மனைவி, குழந்தைகள் எல்லாம் அந்த ஊரில். அவருக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'பேட் ஜோ'. தமிழில் அடாவடி ஜோ எனலாம். மட்டையை வைத்து எதிராளியை வெளுப்பதில் பேர் போனவர். க்யூபெக் அணியில் ஆடிய காலத்தில் 1912, 1913 என்று இரண்டு கோப்பைகள். அப்போது அவருக்கும் மான்ட்ரியாலின் நியூஸி லலோண்டுக்கும் நடந்த சண்டைகள் பிரசித்தம், ரத்தம் பார்க்காமல் முடியாது. 1917-ல் க்யூபெக் அணி ஒதுங்கிக்கொள்ள, ஆட்டக்காரர்களைப் பங்கு போட்டபோது ஹால் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? லலோண்டின் மான்ட்ரியால். இருவரும் ஒரே அணி மட்டுமில்லை, வெளியூர் போனால் ஒரே அறை. நல்ல நண்பர்களாகவும் ஆகிவிட்டார்கள். சம்பளத்துக்கு ஆடும் விளையாட்டில் இந்த வேடிக்கை உண்டு. விரோதி என்பவன் அடுத்த வருஷ ரூம்மேட்டாக இருக்கலாம்.

1919-ல் ஹாலுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தது. அந்தக் கால ஆட்டக்காரர்களில் அது தாத்தா வயது. அப்படியும் ஆடிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 1 காலை மான்ட்ரியால் அணி தங்கியிருந்த ஹோட்டலில் ஹால், லலோண்ட், மெக்டொனால்ட், பில்லி கூட்டூர், லூயி பெர்லிங்கெட் ஆகிய ஐந்து ஆட்டக்காரர்களும் படுக்கையில். கூடவே அணியின் முதலாளியும் மேனேஜருமான ஜார்ஜ் கென்னடியும். 101-லிருந்து 105 டிகிரி வரை காய்ச்சல். மொத்த அணியே ஒன்பது பத்துப் பேர். ஐந்து பேர் போனால் மிச்சம் எத்தனை என்று கணக்குப் போட கால்குலேட்டர் வேண்டாம். கிழக்கத்திய விதிக்கு ஆறு பேர் வேண்டும். இந்த ஆட்டமோ முறைப்படி மேற்கத்திய விதி, ஏழு பேர் வேண்டும்.

கென்னடி காய்ச்சலோடு படுத்துக்கொண்டே யோசனை சொன்னார். பக்கத்து விக்டோரியா அணியிலிருந்து ஆட்களைக் கடன் கொடுங்கள், ஆட்டத்தை நடத்திவிடலாம் என்றார். அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மல்யுத்த வீரராக இருந்து போட்டி நடத்துபவராக மாறியவர், டிக்கெட் விற்ற நிகழ்ச்சியை ரத்து செய்வது என்பது அவர் ரத்தத்திலேயே கிடையாது. மேற்கு லீக்கின் தலைவர் ஃப்ராங்க் பாட்ரிக் முடியாது என்றார். சரியான முடிவு என்றுதான் சொல்ல வேண்டும். மேற்கு லீக்கின் ஆட்களை வைத்து கிழக்கு லீக்குக்காக மேற்கு லீக்கையே எதிர்த்து ஆடினால் யார் ஜெயித்தாலும் அதற்கு என்ன அர்த்தம்?

பிறகு கென்னடி சொன்னது: நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம், கோப்பையை சியாட்டில் எடுத்துக்கொள்ளட்டும்.

சியாட்டிலின் மேனேஜர் பீட் மல்டூன் இதை ஏற்கவில்லை.

ஒரு நிமிஷம் நின்று இதை யோசிக்கலாம். ஆறாவது ஆட்டம் மேற்கத்திய விதி. அந்த விதியில் நடந்த இரண்டு ஆட்டங்களும் 7-0, 7-2. எதிரணி ஆரோக்கியமாக இருந்திருந்தாலும் சியாட்டில்தான் ஜெயித்திருக்கும் என்று யாரும் பந்தயம் கட்டியிருப்பார்கள். ஐந்து ஆட்டங்களில் போட்ட கோல் கணக்கு 19-க்கு 10. விதிச் சண்டையில் அநியாயமாகத் தோற்றதும் அவர்கள்தான். கையில் கொண்டு வந்து கொடுக்கிற கோப்பையை வாங்கிக்கொள்ள எல்லா நியாயமும் இருந்தது. வாங்கியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருக்கவும் முடியாது, விதிப்படி அது சரி.

இதைப் பெருந்தன்மை என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போவது சுலபம். கொஞ்சம் காமர்ஸ் மூளையோடு பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. அந்தக் கோப்பைக்கு மதிப்பே, அதை யாரோ யாரையோ தோற்கடித்து வாங்கினார்கள் என்பதால்தான். ஹோட்டல் அறையில் காய்ச்சலோடு கிடப்பவர்களைத் 'தோற்கடித்தோம்' என்று எழுதினால், 1917-ல் உண்மையாக ஜெயித்ததன் மதிப்பும் சேர்ந்து குறையும். மல்டூன் இப்படியெல்லாம் கணக்குப் போட்டாரா, அல்லது மனசு ஒப்பவில்லையா, எதுவானாலும் அதனால் அவருக்கு நஷ்டம்தான். மெட்ரோபாலிட்டன்ஸுக்கு அதற்குப் பிறகு ஒரு கோப்பைகூடக் கிடைக்கவில்லை.

ஆட்டம் தொடங்க ஐந்தரை மணி நேரம் இருக்கும்போது ரத்து அறிவிப்பு வந்தது. ஏப்ரல் ஒன்றாம் தேதி என்பதால் எத்தனை பேர் நம்பினார்களோ.

ஜோ ஹாலுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. ஃப்ளூ நிமோனியாவாக மாறியது. 1918-19 ஃப்ளூவின் கொடூரமே அதுதான், கிழவர்களையும் குழந்தைகளையும் மட்டுமில்லாமல் இருபது, முப்பது வயதில் திடகாத்திரமாக இருந்தவர்களை வாரிக்கொண்டு போனது. பலரைக் கொன்றது ஃப்ளூவுக்குப் பின்னால் நுரையீரலில் வந்து உட்கார்ந்த பாக்டீரியா. பெனிசிலினைக் கண்டுபிடிக்க இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதே 1933-ல்தான் நிரூபணமானது. அன்றைய டாக்டர்களிடம் இருந்தது படுக்கை, தண்ணீர், காற்றோட்டம், அவ்வளவே. ஏப்ரல் 5-ஆம் தேதி சியாட்டில் மருத்துவமனையில் ஹால் இறந்துபோனார். மற்றவர்கள் மெல்ல எழுந்தார்கள். ஹாலை வான்கூவரில் அடக்கம் செய்தார்கள். 1961-ல் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் பெயர் சேர்த்தார்கள். பேட் ஜோ என்ற பட்டத்தையும் சேர்த்தேதான் இன்றுவரை எழுதுகிறார்கள், பாவம்.

கென்னடி பிழைத்தார், ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை. 1921 அக்டோபரில் அவரும் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி அணியை விற்றார். விலை 11,000 டாலர். வாங்கியது லியோ டான்டுராண்ட் உள்ளிட்ட மூன்று பேர் சேர்ந்த கூட்டு. இன்றைக்கு அதே கனேடியன்ஸ் அணியின் மதிப்பை பில்லியன் டாலரில் சொல்கிறார்கள். குட்வில் வேல்யுவேஷன் பாடத்தில் உதாரணம் கேட்டால் இதைச் சொல்லலாம், மார்க் கிடைக்குமா என்பது கேட்பவரைப் பொறுத்தது.

மறு வருஷம் 1920-ல் சியாட்டில் மீண்டும் இறுதித் தொடருக்குப் போனது. இந்த முறை கிழக்கே, ஒட்டாவாவுக்கு எதிராக. மாரிஸ் சிறையிலிருந்து வெளியே வந்து அணியோடு சேர்ந்துகொண்டார். ஒட்டாவாவில் வெயில் ஏறி இயற்கைப் பனி உருகித் தண்ணீரானதால், கடைசி ஆட்டங்களைச் செயற்கைப் பனி இருந்த டொராண்டோவுக்கு மாற்றினார்கள். மூன்றுக்கு இரண்டு என்று சியாட்டில் தோற்றது. 1924-ல் அந்த அரங்கத்தைப் பக்கத்து ஹோட்டலுக்கு கார் நிறுத்துமிடமாக மாற்றினார்கள். அரங்கம் இல்லாத அணியும் கலைந்தது. மேற்கு லீக்கும் அந்த வருஷத்தோடு காணாமல் போனது. ஏழாவது ஆளான ரோவர் அதற்கு முன்பே ஹாக்கியை விட்டுப் போயிருந்தார். இன்று உலகம் முழுக்க ஆறு பேர்தான்.

ஒரு தொற்றுநோய் மறுபடி ஹாக்கியை நிறுத்தியது 2020 மார்ச்சில். அதுவும் இதே மார்ச் மாதம்! ஆனால் இந்த முறை லீக்கிடம் பணமும் டெக்னாலஜியும் இருந்தது. ஆகஸ்டில் டொராண்டோ, எட்மண்டன் என்று இரண்டு நகரங்களில் ஆட்டக்காரர்களை வெளி ஆட்கள் தொடாமல் அடைத்து வைத்து, தினமும் பரிசோதனை செய்து, ஒரு ரசிகர்கூட இல்லாத காலி அரங்கில் ஆடி முடித்தார்கள். செப்டம்பர் 28 அன்று டாம்பா பே கோப்பை வாங்கியது. அந்த வருஷத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. 1919 தவிரப் பெயர் இல்லாத வருஷம் இன்னொன்றும் உண்டு, 2005. அது முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பளத் தகராறு. அதற்கு யாரும் கண்ணீர் விடவில்லை.

1919 தொடரைப் பற்றிக் கோப்பையில் வெகுகாலம் ஒன்றுமே இல்லை. 1948-ல் கோப்பையின் உருவத்தை மாற்றியமைத்தபோதுதான் அந்த இரண்டு அணிகளின் பெயரையும் 'முடிக்கப்படவில்லை' என்ற வரியையும் சேர்த்தார்கள். அப்போது மெட்ரோபாலிட்டன்ஸ் அணி கலைந்து 24 வருஷம் ஆகியிருந்தது.

சியாட்டிலுக்கு மறுபடி ஒரு பெரிய லீக் ஹாக்கி அணி வந்தது 2021-ல். கிராக்கன் என்று பெயர். அந்த அக்டோபரில் 1917 வெற்றிக்கான கொடியைப் புது அரங்கத்தில் ஏற்றினார்கள். அன்றைக்கு எதிரில் ஆட வந்திருந்த அணி, மான்ட்ரியால் கனேடியன்ஸ்.